விடுதிப் பள்ளிகளில் மாணவர் மன்றங்கள்



நமது சித்தியவான், ஆயர் தாவார், லுமுட் வட்டாரத்துப் பிள்ளைகளில் சிலர் ஒவ்வோராண்டும் விடுதியோடு கூடிய பள்ளிகளுக்குப் போகிறார்கள். முழுத் தங்கும் பள்ளி, மாரா இளநிலை அறிவியல் கல்லூரி, சமயப் பள்ளி என்று அவை பலவகை. பெட்டி, வாளி, தலையணை, கைலி எல்லாம் வாங்கிக் கொடுத்து, ஹலரத்திடம் துஆ கேட்டு, கொண்டுபோய் விட்டு வருகிறோம். ஒரு வாரம் சென்றதும் பிள்ளை தொலைபேசியில் கேட்கிறான்: "அத்தா, எந்த மன்றத்தில் பெயர் கொடுக்கட்டும்?" பெரும்பாலான வீடுகளில் அதற்குக் கிடைக்கும் பதில், "மன்றமும் வேண்டாம், கின்றமும் வேண்டாம், படிக்கிற வேலையைப் பார்" என்பதுதான். இந்தப் பதில் சரிதானா என்று ஆராய்வதே இந்த மாதப் பாடம்.

முதலில் சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் இடைநிலைப் பள்ளி மாணாக்கன் மன்றத்தில் சேராமல் இருக்க முடியாது. சீருடை இயக்கம் ஒன்று, மன்றம் அல்லது கழகம் ஒன்று, விளையாட்டு ஒன்று என மூன்றில் அவன் பெயர் இருக்க வேண்டும். அவன் கூட்டத்துக்கு வந்தானா, என்ன பதவி வகித்தான், பள்ளி அளவிலா மாவட்ட அளவிலா மாநில அளவிலா பங்கெடுத்தான் என்பதற்கெல்லாம் புள்ளி உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடும்போது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தேர்வுப் பாடங்களுக்கும், பத்துப் பங்கு இந்தப் புறப்பாட நடவடிக்கைகளுக்கும் என்று கணக்கிடுகிறார்கள். நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்துக்கு முட்டி மோதும்போது அரைப் புள்ளி, கால் புள்ளி என்ன செய்யும் என்பதை எடைபோட்டு விற்கிற நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே "வேண்டாம்" என்ற பதில் நடைமுறைக்கே ஒத்துவராது.

ஆனால் புள்ளிக்காக மட்டும் சேர்வது என்றால் இந்தக் கட்டுரை எழுத அவசியமே இல்லை. புள்ளியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இந்த ஏற்பாடு நம் சமுதாயத்துக்குள் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஸர் ஸையித் அஹ்மத் கான் 1875இல் அலிகாரில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். 1877இல் அது கல்லூரியாயிற்று. 1920இல் முஸ்லிம் பல்கலைக்கழகமாயிற்று. அவர் 1869இலும் 1870இலும் இங்கிலாந்தில் தங்கி அந்நாட்டுக் கல்வி முறையைப் பார்த்துவந்தவர். பாடம் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, மாணாக்கர் ஒரே வளாகத்தில் தங்க வேண்டும், ஒரே மேசையில் உண்ண வேண்டும், ஜமாஅத்தோடு தொழ வேண்டும் என்பது அவர் முடிவு. 1883இல் இருபத்து நாலு வயதுடைய தியடோர் பெக் என்ற ஆங்கிலேயர் அங்கே பிரின்ஸிபலாக வந்தார். அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் சொற்போர் மன்றத்தின் தலைவராக இருந்தவர். மறு வருஷமே, 1884இல், அலிகாரில் சிடன்ஸ் யூனியன் என்ற சொற்போர் மன்றம் ஏற்பட்டது. சிடன்ஸ் என்பது முதல் பிரின்ஸிபலின் பெயர். நாற்காலியில் ஒருவர் இருக்க, அவரை நோக்கி ஒரு கட்சி தீர்மானத்தைப் பிரேரேபிக்க, மறு கட்சி எதிர்க்க, முடிவில் வாக்கெடுப்பது என்ற ஒழுங்கை நம் வாலிபர்கள் அங்கே பழகினார்கள்.

அதைக் காட்டிலும் வியாபாரிகளாகிய நம் மனத்துக்கு நெருக்கமான வேறொரு சங்கமும் அதே விடுதியில் பிறந்தது. அதன் பெயர் அஞ்ஜுமன் அல் ஃபர்ள், அதாவது கடமைச் சங்கம். 1890இல் அதை உண்டாக்கியவர் ஸாஹிப்ஸாதா ஆஃப்தாப் அஹ்மத் கான். அப்போது அவர் ஒரு மாணாக்கர்தான். பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். பணம் இல்லாத காரணத்தால் எந்த முஸ்லிம் பிள்ளையும் படிப்பை விட்டுவிடக் கூடாது என்பது அச்சங்கத்தின் நோக்கம். விடுமுறை விட்டதும் அங்கத்தினர்கள் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார்கள். கடையும் நடத்தி இலாபத்தை அந்த நிதியில் சேர்த்தார்கள். நவாப் வீட்டுப் பிள்ளைகள் பலர் படித்த கல்லூரி அது. அந்தப் பிள்ளைகள் ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பிறர் வாசலில் போய் நின்றார்கள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கடமைச் சங்கம் இன்றும் அலிகாரில் ஏழை மாணாக்கர்களுக்கு உதவிச் சம்பளம் கொடுத்து வருகிறது. நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு மாணவர் சங்கம் நிலைத்து நிற்கிறது. நம் ஊர்களில் பெரியவர்கள் கூடி ஆரம்பித்த எத்தனை சங்கங்கள் பத்து வருஷம் நின்றிருக்கின்றன?

காரணம் என்ன? என் அபிப்பிராயம் இதுதான். நாம் கடையில் பழகியவர்கள். கடையில் முதலாளி சொன்னதே சட்டம். சரக்கு வாங்குவதா வேண்டாமா என்று கடைப்பையன்களிடம் வாக்கெடுத்து எந்த முதலாளியும் கொள்முதல் செய்வதில்லை, செய்யவும் முடியாது. கல்லாப் பெட்டியிலிருக்கும் பணம் நம் பணம்; அதில் தப்பு வந்தால் நஷ்டம் நமக்கு. சங்கம் வேறு மாதிரி. அங்கே பணம் பலருடையது. சொல்லும் பலருடையது. நமக்குப் பிடிக்காத தீர்மானம் நிறைவேறினாலும் மறு வாரம் வந்து உட்கார வேண்டும். இருபது வருஷம் கடையில் முதலாளியாக இருந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இது வருவது கடினம். பதினாலு வயதில் பழகினால் எளிதாக வரும். தேர்வுக்கான பாடப் புத்தகத்தில் இது இல்லை, கடையிலும் இல்லை. மாணவர் மன்றத்தில் இருக்கிறது.

பகல் பள்ளிக்கும் விடுதிப் பள்ளிக்கும் இதில் பெரிய வேற்றுமை உண்டு. பகல் பள்ளியில் கூட்டத்தில் சண்டை பிடித்தவன் மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்விடுவான். விடுதியில் அப்படி முடியாது. மாலையில் தன் தீர்மானத்தைத் தோற்கடித்தவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இரவு சோறு தின்ன வேண்டும். அவனோடு தோள் சேர்ந்துதான் இஷாவுக்கு ஸஃப்பில் நிற்க வேண்டும். இரவு விளக்கணைத்த பிறகு அடுத்த கட்டிலில் படுத்திருப்பவனும் அவன்தான். கோபத்தை எத்தனை நாளைக்குக் காப்பாற்ற முடியும்? விடுதி மன்றத்தின் உண்மையான ஆசிரியர் இந்தச் சோற்று மேசைதான் என்பேன்.

தோற்றுப்போய்ச் சபையில் இருக்கும் பழக்கம் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதல்ல. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹது யுத்தத்துக்கு முன் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மதீனாவுக்குள் இருந்தே எதிர்ப்பது என்பது அவர்களுடைய எண்ணம். வாலிபர்களும் மற்றும் பலரும் வெளியே சென்று எதிர்க்க வேண்டும் என்றார்கள். அந்தக் கருத்தையே நபியவர்கள் ஏற்றுக் கவசம் அணிந்தார்கள். பிறகு தோழர்கள் வருந்தி, தங்கள் விருப்பப்படியே செய்யுங்கள் என்று சொன்னபோதும் முடிவை மாற்றவில்லை. அந்த யுத்தத்தில் ஏற்பட்ட நஷ்டம் நாம் அறிந்தது. அதற்குப் பிறகும், ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனத்தில், அவர்களோடு கலந்தாலோசியுங்கள் என்ற கருத்துள்ள கட்டளைதான் வந்தது. ஆலோசனையால் நஷ்டம் வந்துவிட்டது, இனி யாரையும் கேட்க வேண்டாம் என்று வரவில்லை. ஷூரா என்றே ஓர் அத்தியாயம் திருமறையில் இருக்கிறது. அதன் 38ஆம் வசனத்தில் முஃமின்களின் இலக்கணம் சொல்லப்படும் இடத்தில், தொழுகைக்கும் தானத்துக்கும் நடுவே ஆலோசனை வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

இனி சொற்போர் மன்றத்தைப் பற்றி. பல தகப்பன்மார்களுக்கு இதில்தான் அச்சம். "பிள்ளை வாயாடியாகிவிடுவான்" என்பது ஒன்று. "தான் நம்பாத கட்சியை எடுத்துப் பேசச் சொல்லுகிறார்களாமே, அது பொய் பேசப் பழக்குவது ஆகாதா?" என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வி நியாயமான கேள்வி. நம் நாட்டில் முழுத் தங்கும் பள்ளிகளுக்கு இடையே பிரதமர் கிண்ணத்துக்கான சொற்போர்ப் போட்டி மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. பக்கத்துக்கு மூவர் பேசுவார்கள். ஒரு பக்கம் அரசாங்கக் கட்சி, மறு பக்கம் எதிர்க்கட்சி. எந்தப் பக்கம் கிடைத்தாலும் அந்தப் பக்கத்துக்காகப் பேச வேண்டும்.

இது பொய்யா? மத்ரஸாவில் கிதாப் ஓதியவர்களைக் கேளுங்கள். ஃபிக்ஹுக் கிதாபுகளில் "இப்படிச் சொல்லப்பட்டால், நாம் இப்படிச் சொல்லுவோம்" என்ற முறையில் எதிராளியின் வாதத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் பதிலை எழுதியிருப்பார்கள். இமாம் கஸ்ஸாலி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் தத்துவவாதிகளை மறுத்து எழுதுமுன், அவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்பதை விளக்கித் தனியாக ஒரு நூலே எழுதினார்கள். மகாஸிதுல் ஃபலாஸிஃபா என்பது அதன் பெயர். எதிராளியின் சரக்கைத் தராசில் ஒழுங்காக நிறுத்தவன்தான் அதற்கு விலை சொல்ல முடியும். ஆகவே இன்று ஒரு பக்கமும் நாளை மறு பக்கமும் நின்று பேசிப் பழகுவது பொய் ஆகாது. இது பழக்கத்துக்கான பேச்சு என்பது பேசுபவனுக்கும் தெரியும், கேட்பவனுக்கும் தெரியும்.

ஆனால் அதே இமாம் அவர்கள் இஹ்யா உலூமித்தீன் என்ற நூலின் கல்விப் பாகத்தில் வாதம் செய்வதற்குக் கடுமையான நிபந்தனைகளையும் வைத்திருக்கிறார்கள். காணாமற்போனதைத் தேடுகிறவன் அது தன் கையில் கிடைத்தாலும் பிறர் கையில் கிடைத்தாலும் சந்தோஷப்படுவதுபோல, உண்மை எவர் வாயிலிருந்து வந்தாலும் சந்தோஷப்பட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வெற்றிக்காக மட்டும் வாதம் செய்பவனிடம் பொறாமை, கர்வம், பிறர் குறை தேடுதல், முகஸ்துதி ஆகிய நோய்கள் எப்படி வந்து ஒட்டிக்கொள்ளும் என்றும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பிள்ளை கிண்ணம் ஜெயித்து வந்தால் சந்தோஷப்படலாம். ஆனால் எதிர்ப்பக்கத்துப் பிள்ளை சொன்னதில் எது நன்றாக இருந்தது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் மன்றம் அவனுக்கு வேலை செய்கிறது. "அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று சொன்னால் இமாம் சொன்ன நோயின் முதல் அறிகுறி அது.

வாயாடியாவான் என்ற பயத்துக்கும் நம்மிடமே பதில் உண்டு. தமிழ்நாட்டு அரபு மத்ரஸாக்களில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழன் இரவில் மாணவர் மன்றம் கூடுவது வழக்கம். முறை வைத்து ஒவ்வொருவராக எழுந்து பேச வேண்டும். உஸ்தாது ஒரு மூலையில் அமர்ந்து பிழை திருத்துவார். இன்று மிம்பரில் அழகாகப் பயான் செய்யும் ஆலிம்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வியாழன் இரவில் கால் நடுங்க நின்றவர்களே. அவர்களை நாம் வாயாடிகள் என்று சொல்லுவதில்லை.

நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம். சித்தியவானிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி இருக்கிறது. ஆர். ஜே. வில்கின்சன் என்ற அதிகாரியின் யோசனைப்படி 1905 ஜனவரி 2ஆம் தேதி 79 மாணாக்கர்களோடு தொடங்கியது. முதல் தலைமையாசிரியர் ஹார்கிரீவ்ஸ் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலிருந்து வந்தவர். ஆங்கில நாட்டு விடுதிப் பள்ளிகளின் அச்சில் வார்க்கப்பட்டது அது. மாணாக்கரை இல்லங்களாகப் பிரிப்பது, மூத்த மாணாக்கரைச் சட்டாம்பிள்ளைகளாக நியமிப்பது, மைதான விளையாட்டு எல்லாம் அங்கிருந்து வந்தவையே. ராஜ வம்சத்தாரையும் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அதிகாரிகளாக்குவதற்காக ஏற்பட்ட பள்ளி. அங்கே படித்துப் போனவர்கள் 1929இல் பழைய மாணவர் சங்கம் அமைத்தார்கள். விடுதியில் பழகிய கூட்டுறவு விடுதியை விட்டபின்னும் கலையாமல் இருப்பதற்கு அது சாட்சி. துன் அப்துல் ரசாக் அங்கே படித்தவர் என்பதை யாவரும் அறிவர்.

அதைவிட என் மனத்தைக் கவர்ந்தது தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி. 1922 நவம்பரில் திறக்கப்பட்டது. இப்போது சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக இருப்பது அதுவே. அங்கே வந்தவர்கள் பிரபுக்களின் பிள்ளைகள் அல்லர்; கம்பத்து விவசாயிகள், மீன்பிடிப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள், ஆசிரியர் தொழிலுக்காக வந்து விடுதியில் தங்கியவர்கள். 1924இல் மொழிபெயர்ப்பு அலுவலகம் அக்கல்லூரிக்கு வந்தது. ஸஃபா என்று அழைக்கப்படும் பெந்தேத்தா ஜைனல் ஆபிதீன் பின் அஹ்மத் அதன் பொறுப்பில் இருந்தார். அதற்கு முன் அவர் கோலகங்சார் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். மலாய்ப் பள்ளிப் புத்தகங்கள் அங்கிருந்து வெளிவந்தன. கூடிப் பேசுவது, எழுதுவது, நாட்டைப் பற்றி யோசிப்பது ஆகிய பழக்கங்கள் அந்த விடுதி மாணாக்கரிடையே வேரூன்றின. அங்கே படித்த இப்ராஹிம் யாக்கோபும் தோழர்களும் 1938இல் மலாய் வாலிபர் சங்கத்தைக் கோலாலம்பூரில் நிறுவினார்கள். அந்த அரசியலோடு நாம் உடன்பட வேண்டும் என்பதில்லை. கம்பத்துப் பிள்ளைகள் ஒரு தலைமுறைக்குள் மேடை ஏறவும் பத்திரிகை நடத்தவும் துணிந்தார்கள் அல்லவா, அதைத்தான் நான் எடுத்துக் காட்டுகிறேன்.

நிற்க. வியாபாரிகளின் பிள்ளைகளுக்கு எந்த மன்றம் நல்லது என்று கேட்டால், பள்ளிக் கூட்டுறவுக் கடையை ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள் என்று சொல்லுவேன். இது 1968இல் நம் நாட்டு இடைநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஏற்பாடு. சிறு தொகைக்குப் பங்கு வாங்கி மாணாக்கன் அங்கத்தினனாகிறான். ஆசிரியர்களும் மாணாக்கர்களும் சேர்ந்து நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள். புத்தகம், நோட்டு, சோப்பு, பற்பசை முதலியவற்றை விற்கிறார்கள். 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவு உண்டு. கணக்குத் தணிக்கை உண்டு. ஆண்டுக்கொரு மகாசபைக் கூட்டம் உண்டு. இலாபத்தில் பங்கும் உண்டு. நூறு பங்கு வைத்தவனுக்கும் ஒரு பங்கு வைத்தவனுக்கும் ஆளுக்கு ஒரே வாக்குத்தான் என்பது கூட்டுறவின் அடிப்படை விதி. பள்ளிக் கூட்டுறவுகளும் சேர்ந்த தேசியக் கூட்டுறவு இயக்கமான அங்காசா 1971இல் உங்கு அஸீஸ் தலைமையில் தொடங்கியது. ஹஜ்ஜுக்குப் பணம் சேர்க்க வட்டியில்லாத ஒரு சேமிப்பு முறை வேண்டும் என்று 1959இல் யோசனை எழுதிக் கொடுத்து, தாபோங் ஹாஜிக்கு வித்திட்டவரும் அவரே. 2020இல் காலமானார். அல்லாஹ் அவருக்கு மறுமையின் நற்பேற்றை அருள்வானாக.

விடுதிப் பள்ளியில் இந்தக் கடைக்குத் தனி மதிப்பு. வெளியே போய் வாங்க முடியாத பிள்ளைகள்தான் வாடிக்கைக்காரர்கள். பொருள் குறைந்தால் அன்று இரவே முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்கள். விலை ஏற்றினால் மகாசபையில் கேள்வி வரும். நம் பிள்ளை கடையில் பிறந்து வளர்ந்தவன். இருப்பு எடுப்பது, கெட்டுப்போகும் சரக்கை முன்னே வைப்பது, சில்லறை எண்ணுவது எல்லாம் அவனுக்குப் பால்குடி வித்தை. அவனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. அந்த இலாபம் தன் வீட்டுக்குப் போகாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அதே அக்கறையோடு கடை நடத்துவது. இதற்குத்தான் அமானிதம் என்று பெயர்.

எந்த மன்றமானாலும் சரி, அறிவியல் மன்றமோ கணித மன்றமோ மொழிக் கழகமோ எதுவானாலும், நம் பிள்ளை காரியதரிசியாகவோ பொருளாளராகவோ ஒரு வருஷமாவது இருக்கட்டும். தலைவர் பதவிக்கு எல்லாரும் போட்டி போடுவார்கள். எழுதுகிற வேலைக்கு யாரும் வருவதில்லை. ஆனால் சரக்கு அங்கேதான் இருக்கிறது. கூட்டம் எத்தனை மணிக்குக் கூடியது, எத்தனை பேர் வந்தார்கள், யார் பிரேரேபித்தார், யார் ஆமோதித்தார், ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசித்து, சரி என்று சபை ஒப்புக்கொண்ட பிறகு கையெழுத்து வாங்கவேண்டும். தனக்குப் பிடிக்காத தீர்மானத்தையும் ஓர் எழுத்துக் குறையாமல் எழுதும் கை நம்பிக்கைக்கு உரிய கை. திருமறையிலேயே மிக நீளமான வசனம் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது அது. எழுதுகிறவன் நீதத்தோடு எழுத வேண்டும், சிறு தொகை பெருந்தொகை என்று பாராமல் எழுதச் சோம்பக் கூடாது என்பது அதன் கருத்து. கைக்குக் கை மாறும் ரொக்க வியாபாரத்துக்கு மாத்திரம் எழுதாவிட்டால் குற்றமில்லை என்று சலுகை உண்டு. நாம் அந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு சட்டத்தை மறந்துவிட்டோம் என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு. சங்கப் பணம் ரொக்க வியாபாரமல்ல.

குறைகளும் இருக்கின்றன. ஏட்டில் மட்டும் இருக்கும் மன்றங்கள் பல. வருஷத் தொடக்கத்தில் ஒரு கூட்டம், வருஷ முடிவில் ஒரு புகைப்படம், நடுவில் ஒன்றுமில்லை. சில பிள்ளைகள் சான்றிதழ் சேர்ப்பதையே தொழிலாகக் கொண்டு, எங்கே தாள் கொடுக்கிறார்களோ அங்கெல்லாம் ஓடுகிறார்கள். கோப்பு தடிக்கிறது, தலை தடிக்கவில்லை. பொறுப்பாசிரியரே தீர்மானம் எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் கை தூக்கும் பொம்மைகளாக இருக்கும் இடமும் உண்டு. தேர்வு வருஷமான படிவம் ஐந்தில் கூட்டம் கூட்டமென்று அலைந்து பாடத்தைக் கோட்டைவிடும் பிள்ளையும் உண்டு. படிவம் நான்கில் பொறுப்பேற்று, ஐந்தில் இளையவன் கையில் புத்தகத்தை ஒப்படைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளையைப் பார்க்கப் போகும் நாளில் பிரியாணிச் சட்டியோடு ஒரு கேள்வியையும் கொண்டுபோங்கள். "கடைசிக் கூட்டத்தில் எந்த விஷயத்தில் இரண்டு அபிப்பிராயம் வந்தது?" என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கினானானால் காது கொடுத்துக் கேளுங்கள். இடையில் புத்திமதி சொல்லாதீர்கள். இரண்டு அபிப்பிராயமே வரவில்லை என்றால் அது பெயருக்கு நடக்கும் மன்றம். வேறொன்றுக்கு மாற வழியிருக்கிறதா என்று ஆசிரியரிடம் விசாரிக்கலாம். பெண் பிள்ளைகளுக்கும் இதே கேள்விதான். மகள் விடுதியில் படிக்கிறாள் என்பதற்காக அவளை மன்றப் பொறுப்பிலிருந்து விலக்கி வைக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். கணக்கு எழுதத் தெரிந்த பெண் எந்த வீட்டுக்கும் பாரமாக இருந்ததில்லை.

இனி நம் சங்கத்தாருக்கு ஒரு யோசனை. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, மகாசபைக் கூட்டம் நடந்த அறுபது நாட்களுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போய்ச்சேர வேண்டும். போகாவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். தொடர்ந்து போகாவிட்டால் பதிவே ரத்தாகலாம். பல ஊர்களில் நம்மவர் சங்கங்களுக்கு ஏற்படும் தொல்லை பெரும்பாலும் இதனால்தான். வயது முதிர்ந்த காரியதரிசி ஒருவரே வருஷக்கணக்கில் இந்தச் சுமையைச் சுமக்கிறார். அறிக்கை மலாயில் போக வேண்டியிருக்கிறது. சபையில் பேச்சு தமிழில் நடக்கிறது. பழைய ரசீதுகள் சிலவற்றில் அரபுத் தமிழ்க் கையெழுத்தும் காணப்படுகிறது. விடுதியில் மன்றக் காரியதரிசியாக இருந்த பிள்ளைக்கு மலாயில் அறிக்கை எழுதுவது கைவந்த வேலை. ஆகவே விடுமுறைக்கு வரும் பிள்ளைகளில் இருவரை மகாசபைக் கூட்டத்தில் காரியதரிசிக்குப் பக்கத்தில் அமர்த்தலாம். ஒருவன் தமிழில் நடவடிக்கைக் குறிப்பை எழுதட்டும். மற்றவன் மலாயில் எழுதட்டும். இரண்டையும் பெரியவர்கள் ஒப்புப் பார்த்துக் கையெழுத்திடலாம்.

அலிகார் மாணாக்கரைப்போல நிதிக்கும் அவர்களை அனுப்பலாம். விடுதிக்குப் போகும் ஏழைப் பிள்ளை ஒருவனுக்குப் பெட்டி, படுக்கை, பஸ் கட்டணம் இவற்றுக்கு வேண்டியது பெருந்தொகையல்ல. ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்து கடை கடையாகப் போகச் சொல்லுவோம். வசூலான ஒவ்வொரு வெள்ளிக்கும் அவர்களே கணக்கு எழுதி, அடுத்த மகாசபையில் நம் எல்லாருக்கும் முன் நின்று வாசிக்கட்டும். நாம் கேள்வி கேட்போம். அவர்கள் பதில் சொல்லட்டும். பிறகு நம் சங்கக் கணக்கு வாசிக்கப்படும்போது அவர்கள் கேள்வி கேட்டால், நாமும் பதில் சொல்ல ஆயத்தமாக வருவோம். இதுபற்றித் தங்கள் அபிப்பிராயத்தை அங்கத்தினர்கள் எழுத்து மூலம் காரியதரிசிக்குத் தெரிவித்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் விவாதத்துக்கு வைக்கலாம்.